பிக்கப் வண்டிக்கே பிக்கப் இல்லை: ஏற்றத்தில் மிஸ்ஃபயர், இழுவையும் போச்சு

துருப்பிடித்த போல்ட்:

வணக்கம். தலைப்பைப் படித்துச் சிரிக்க வேண்டாம். நிலைமை அப்படித்தான் இருக்கிறது.

1997 மாடல் பிக்கப். 5.7 லிட்டர் வி-8 பெட்ரோல் இன்ஜின், டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி கரண்ட் பிரித்துக் கொடுப்பது) வைத்தது, ஆட்டோமேட்டிக் கியர். இரண்டு பக்கச் சைலன்சர் குழாயும் அடியில் ஒன்றாகச் சேர்ந்து ஒரே கன்வெர்ட்டருக்குள் (புகையைச் சுத்தம் செய்யும் டப்பா) போகும். ஓடியது 2,87,000 கிலோமீட்டர். அப்பா 15 வருடம் ஓட்டிய வண்டி, அப்புறம் என் கைக்கு வந்தது. அவரை ஒரு நாள்கூட வழியில் நிறுத்தியதில்லை. என்னிடம் வந்ததும் தன் வயதைக் காட்டுகிறது.

காலையில் செல்ஃப் அடித்தால் உடனே பிடித்துவிடும். ஐடிலில் லேசான உதறல் உண்டு. ஸ்டியரிங்கில் கை வைத்திருக்கும் எனக்குத் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். சமதளத்தில் மெதுவாக மிதித்து ஓட்டினால் பரவாயில்லை. ஏற்றத்தில் அழுத்தினால்தான் ஆட்டம் ஆரம்பிக்கிறது. விக்கல் எடுத்தவன் மாதிரி வெட்டி வெட்டி இழுக்கிறது, செக் இன்ஜின் விளக்கு மின்னுகிறது. காலை எடுத்தால் மின்னுவது நின்று, விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருக்கிறது. மழை பெய்த மறுநாள் காலையில் இன்னும் மோசம்.

இது மூன்று மாதக் கதை. கடந்த மூன்று வாரமாகப் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: இழுவையே இல்லை. முன்பு லோடோடு 110-இல் போன வண்டி இப்போது காலியாகவே 80-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. தரையோடு மிதித்தாலும் சத்தம்தான் கூடுகிறது. நிறுத்தி இறங்கினால் அழுகிய முட்டை நாற்றம் வேறு.

ஸ்கேனரில் வந்த கோடுகள்: பி0300 (பல சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியாமல் போவது), பி0305, பி0307 (5, 7-ஆம் சிலிண்டரில் மிஸ்ஃபயர்), பி0171 (காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை).

இதுவரை மாற்றியவை எட்டு பிளக், ஃப்யூல் ஃபில்டர், ஏர் ஃபில்டர். டேங்கில் இன்ஜெக்டர் கிளீனர் இரண்டு பாட்டில் ஊற்றினேன். பிளக் வயர்கள் பார்க்க நன்றாகவே இருந்ததால் பழையதையே மாட்டிவிட்டேன். பிளக் மாற்றியதும் நான்கு நாள் நன்றாக ஓடியது. ஐந்தாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி.

ஒரு பட்டறையில் காட்டினேன். பானெட்டைத் திறந்தார்கள், ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டார்கள், "இன்ஜின் முடிஞ்சிடுச்சு, வேற இன்ஜின் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். ஒரு கேஜ்கூட மாட்டிப் பார்க்கவில்லை. நிஜமாகவே முடிந்துவிட்டதா? எங்கிருந்து ஆரம்பிப்பது?


நேர்வழி:

பி0171 என்றால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். ஏற்றத்தில் மிஸ் ஆகிறது, மேல் வேகம் இல்லை. நேராக ஃப்யூல் பம்ப்தான். டேங்கை இறக்கிப் பம்பை மாற்றுங்கள், வேலை முடிந்தது. எனக்கும் இதே மாதிரிதான் இருந்தது.


எண்ணெய்க்கை:

தம்பி, முதலில் ஒன்று. விளக்கு மின்னும்போது மிதித்து ஓட்டாதே. நிலையாக எரிந்தால் "பிறகு பார்" என்று அர்த்தம். மின்னினால் "இப்போதே காலை எடு" என்று அர்த்தம். எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் குழாய் வழியாகக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரிகிறது என்று வண்டி சொல்கிறது. மூன்று மாதம் அப்படி ஓட்டியிருக்கிறாய். அதைப் பற்றிக் கடைசியில் பேசுவோம், எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

பம்ப் என்று சொன்ன நண்பருக்கு: இருக்கலாம், ஆனால் இந்தக் கோடுகள் அப்படிச் சொல்லவில்லை. வி-8-இல் சிலிண்டர்கள் இரண்டு வரிசை, ஒவ்வொன்றும் ஒரு பேங்க். பி0171 என்பது முதல் பேங்க்குக்கு மட்டும்தான். மறுபக்கத்துக்கான பி0174 வரவே இல்லை. பம்ப் ஒன்றுதான், அது இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துத்தான் பெட்ரோல் தள்ளுகிறது. பம்ப் படுத்தால் இரண்டு பக்கமும் சேர்ந்தே பட்டினி கிடக்கும். ஒரு பக்கம் மட்டும் எப்படிக் குறையும்?

அப்படியானால் ஏன் குறைவு என்று காட்டுகிறது? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு சிலிண்டர் எரியாவிட்டால் அதற்குள் போன காற்றும் செலவாகாமல் அப்படியே வெளியே வருகிறது. ஆக்சிஜன் சென்சார் ஆக்சிஜனை மட்டும்தான் பார்க்கும், எரியாத பெட்ரோல் அதன் கண்ணில் படாது. "ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது, பெட்ரோல் போதவில்லை" என்று கம்ப்யூட்டரிடம் சொல்கிறது. கம்ப்யூட்டரும் அதை நம்பி அந்தப் பக்கம் முழுவதற்கும் பெட்ரோலைக் கூட்டுகிறது. 5, 7 இரண்டும் உன் இன்ஜினில் முதல் பேங்க்கில்தான் இருக்கின்றன. கணக்கு சரியாக வருகிறதா?

ஆக, இது 5-லும் 7-லும் கரண்ட் பிரச்சினை என்பது என் கணிப்பு. மூன்று காரணம் சொல்கிறேன்.

ஒன்று, ஈரத்தில் மோசமாகிறது. பெட்ரோலுக்கு மழை தெரியாது. வெடித்த வயருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்கும்தான் தெரியும்.

இரண்டு, ஏற்றத்தில் மட்டும் பெரிதாகத் தெரிகிறது. ஐடிலில் சிலிண்டருக்குள் போகும் காற்று கொஞ்சம்தான், பொறி சுலபமாகத் தாண்டிவிடும். முழுக்க மிதித்தால் காற்று நிறையப் போய், பிஸ்டன் மேலே வரும்போது அழுத்தம் பல மடங்கு ஆகிறது. அந்த அழுத்தத்தில் அதே இடைவெளியைத் தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். வோல்டேஜ் ஏற ஏற, வயரில் எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே வெளியே குதித்துவிடும். பிளக் மாற்றியதும் நான்கு நாள் நன்றாக ஓடியதற்கும் இதுதான் காரணம். புதுப் பிளக்குக்குக் குறைந்த வோல்டேஜ் போதும், பழைய வயர் கொஞ்ச நாள் தாங்கியது.

மூன்று, உன் இன்ஜின் மாதிரியான பல வி-8-களில் வெடிக்கும் வரிசை 1-8-4-3-6-5-7-2. பார்த்தாயா, 5-க்கு அடுத்து 7. இரண்டும் ஒரே பக்கம், பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர். அந்த இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டு இணையாகப் போனால் 5-இல் போகும் கரண்ட் 7-இன் வயரிலும் தூண்டப்படும். 7-இன் பிஸ்டன் அப்போதுதான் பாதி வழி ஏறிக்கொண்டிருக்கும், கிராங்க் கணக்கில் 90 டிகிரி முன்னால். அந்த நேரத்தில் பொறி விழுந்தால் இழுவை போவதோடு பிஸ்டனுக்கும் அடி.

செய்ய வேண்டியது இது. இருட்டிய பிறகு வண்டியை வெட்டவெளியில் நிறுத்து. ஹேண்ட் பிரேக் போட்டு, கியர் பார்க்கிங்கில் இருக்கட்டும். பானெட்டைத் திறந்து, எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு இன்ஜினை ஓடவிடு. தண்ணீர் தெளிக்கும் புட்டியைப் பனி மாதிரி வரும்படி வைத்து, வயர்கள் மேலும் மூடி மேலும் லேசாகத் தெளி. குளிப்பாட்டாதே. விசிறி, பெல்ட் பக்கம் கையோ சட்டையோ போகக் கூடாது, ஓடும்போது எந்த வயரையும் தொடவும் கூடாது. நீலமாக ஏதாவது தெரிகிறதா பார்.

அப்புறம் மூடியைக் கழற்றி உள்ளே பார். டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பை மட்டும் திருப்பாதே. "டைமிங் கொஞ்சம் திருப்பிப் பார்க்கலாம்" என்று பழைய பழக்கத்தில் யாராவது சொல்வார்கள். இந்த இன்ஜினில் டைமிங், அதாவது பொறி விழும் நேரம், கம்ப்யூட்டர் கையில் இருக்கிறது. திருப்பினால் டைமிங் மாறாது, உள்ளே சுற்றும் ரோட்டார்தான் தவறான முனைக்கு அருகில் போய் நிற்கும்.

இன்ஜின் முடிந்ததா என்ற கேள்விக்குக் காதால் பதில் சொல்ல முடியாது. சிலிண்டருக்குள் வரும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் போட்டுவிட்டு வா, அப்புறம் பேசலாம். அதுவரை எந்தப் பாகமும் வாங்காதே.


மல்டிமீட்டர்:

எண்ணெய்க்கை அண்ணன் சொன்னதோடு இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, ஓடும் இன்ஜினில் பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கும் பழக்கம் பலருக்கு உண்டு. செய்யாதீர்கள். கையில் கரண்ட் அடிக்கும், இக்னிஷன் காயில் கெட்டுப்போகும், எரியாத பெட்ரோல் இன்னும் கொஞ்சம் கன்வெர்ட்டருக்குப் போகும். அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் போதும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஒரு நிமிடத்துக்குள் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய்த் தொகுதி) ஒவ்வொரு சிலிண்டரின் வாயையும் குறிவையுங்கள். எரியாத சிலிண்டர் மற்றவற்றைவிடக் குளிர்ச்சியாக நிற்கும். உங்களுடையது லோடில்தான் அதிகம் மிஸ் ஆகிறது, அதனால் வித்தியாசம் சிறியதாக இருக்கலாம். பரவாயில்லை, எழுதி வையுங்கள்.

கம்ப்ரஷன் எடுக்கும்போது எட்டு பிளக்கையும் கழற்றிவிட வேண்டும், த்ராட்டில் முழுக்கத் திறந்திருக்க வேண்டும், இக்னிஷனையும் ஃப்யூல் பம்ப் ரிலேவையும் துண்டிக்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கையில் செல்ஃப் அடியுங்கள், ஐந்து என்றால் எல்லாவற்றுக்கும் ஐந்து. குறைந்த அளவு, அதிகபட்ச அளவில் 75 சதவீதத்துக்குக் கீழே போகாமல் இருந்தால் பயமில்லை. ஒன்று மட்டும் குறைந்தால் அதற்குள் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கெட். உங்கள் 5-உம் 7-உம் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் அதையும் மறந்துவிட வேண்டாம்.


துருப்பிடித்த போல்ட்:

இரண்டு ராத்திரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை போச்சு. சொன்னதையெல்லாம் செய்தேன்.

இருட்டில் தெளித்ததும் முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழக இரண்டு நிமிடம் ஆனது. இரண்டாம் முறை தெளித்தபோது பார்த்தேன் அண்ணா. மேனிஃபோல்டுக்கு மேலே, 7-ஆம் வயரின் ரப்பர் மூடியிலிருந்து இரும்புக்கு ஒரு நீலக் கோடு, நூல் அளவு. டிக் டிக் டிக் என்று சத்தம். மூன்று மாதமாக அந்தச் சத்தத்தை டேப்பட் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்! 5-உம் 7-உம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு போகும் இடத்தில் மங்கலாக ஒரு நீலப் புகை மாதிரியும் தெரிந்தது. படம் எடுக்கப் பார்த்தேன், போனில் வெறும் கறுப்புதான் வந்தது.

மறுநாள் வயர்களைக் கழற்றினேன். 7-ஆம் வயர் மேனிஃபோல்டில் உரசி, ஓரிடத்தில் வெந்து பளபளப்பாக இருந்தது. மல்டிமீட்டரில் மற்றவை நீளத்துக்கு ஏற்ப 5,000-லிருந்து 9,000 ஓம் வரை காட்டின. 7-ஐ நேராக வைத்தால் 11,000. மடக்கினால் எண் காணாமல் போகிறது, நிமிர்த்தினால் திரும்ப வருகிறது.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் பச்சையும் வெள்ளையுமாகத் தூள். ரோட்டார் முனையை நகத்தால் சுரண்டினால் கறுப்பாக உதிர்கிறது. மூடியின் நடுவில் இருக்க வேண்டிய கார்பன் குமிழ் தேய்ந்து தட்டையாகிவிட்டது. எட்டாவது பிளக் ஃபயர்வாலை ஒட்டி இருப்பதால் என் வலது கையில் மூன்று விரல் மூட்டில் தோல் இல்லை, அது தனிக்கதை.

கம்ப்ரஷன், 1 முதல் 8 வரை, பிஎஸ்ஐ கணக்கில்: 165, 160, 170, 165, 155, 160, 150, 165. ஓடியது 2,87,000 என்று சொன்னேன் அல்லவா? நானே இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன்.

வயர் செட், மூடி, ரோட்டார் மூன்றையும் மாற்றினேன். ஐடில் உதறல் போய்விட்டது, டேஷ்போர்டில் தண்ணீர் தம்ளரை வைத்தால் ஆடவில்லை. கோடுகளை அழித்துவிட்டு மூன்று நாள் ஓட்டினேன். பி0307 மட்டும் ஒரு முறை திரும்ப வந்தது. 0305, 0171 வரவில்லை.

ஆனால் இழுவை வரவில்லை. இன்னமும் 80தான். விக்கல் இல்லாமல், அமைதியாக, 80-க்கு மேல் போக மாட்டேன் என்கிறது. முன்பாவது காரணம் காதில் கேட்டது.


எண்ணெய்க்கை:

150-க்கும் 170-க்கும் 88 சதவீதம். முடிந்த இன்ஜினாம்! அந்த இன்ஜினை நன்றாகப் பார்த்துக்கொள், உன்னைவிட அது நல்ல நிலையில் இருக்கிறது.

முதலில் 7. அந்தப் பிளக்கைக் கழற்றி வெள்ளைப் பீங்கானை வெயிலில் பிடித்துப் பார். பென்சிலால் கிழித்த மாதிரி மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு இருக்கும். கரண்ட் அடிக்கடி ஓடிய தடம் அது, கார்பன் படிந்துவிட்டது. வயரைப் புதிதாகப் போட்டாலும் கரண்ட் பழகிய அந்தத் தடத்திலேயே ஓடும், புது ரப்பரையும் கெடுக்கும். துடைத்தால் போகாது, அந்தப் பிளக்கை மாற்று. மாட்டும்போது ரப்பருக்குள் கொஞ்சம் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் தடவு.

இப்போது இழுவை. கடைசியில் பேசுவோம் என்று சொன்னேனே, அது இதுதான். உன் வண்டியில் ஒரு நோய் இல்லை, இரண்டு நோய். மூன்று மாதம் மிஸ்ஃபயர், கடைசி மூன்று வாரம் இழுவைக் குறைவு என்று நீயே எழுதியிருக்கிறாய். இரண்டும் ஒரே நாளில் வரவில்லை என்பதை நான் அப்போதே குறித்துக்கொண்டேன். முதல் நோய் பெற்றுப் போட்ட பிள்ளைதான் இரண்டாவது.

கன்வெர்ட்டருக்குள் இருப்பது தேன்கூடு மாதிரி நுண்துளைகள் நிறைந்த பீங்கான் கட்டி. எரியாத பெட்ரோலும் செலவாகாத ஆக்சிஜனும் சேர்ந்து உள்ளே போனால் அந்தக் கட்டிக்குள்ளேயே எரியும். சூடு அளவு கடந்தால் பீங்கான் உருகி, துளைகள் அடைத்துக்கொள்ளும். அப்புறம் இன்ஜின் மூச்சு விடுவது எப்படி? பழைய காற்று வெளியே போனால்தானே புதுக் காற்று உள்ளே வரும்? ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் எவ்வளவு மிதித்தாலும் ஒன்றும் ஏறாது. உன் 80 அதுதான்.

இது வெறும் சந்தேகம், அளந்து பார். காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டில் ஒரு சின்ன வேக்குவம் குழாயில், உறிஞ்சும் அளவைக் காட்டும் வேக்குவம் கேஜ் மாட்டு. சூடான இன்ஜின் ஐடிலில், கடல் மட்டத்துக்குப் பக்கமான இடத்தில், 17-லிருந்து 21 அங்குலத்துக்குள் (பாதரசக் கணக்கில்) ஆடாமல் நிற்க வேண்டும். உயரமான இடத்தில் ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஏறக்குறைய 1 அங்குலம் குறையும், அதைக் கழித்துக்கொள். இப்போது 2,500 ஆர்பிஎம்மில் ரேஸ் செய்து அப்படியே பிடி. ஒரு நிமிடம். முள்ளை மட்டும் பார். வழி திறந்திருந்தால் ஐடில் அளவிலோ அதற்குச் சற்று மேலோ நிலையாக நிற்கும். அடைப்பு இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், நீ காலை அசைக்காவிட்டாலும்.


நேர்வழி:

சரி, பம்ப் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கன்வெர்ட்டர்தான் என்றால் எதற்கு இவ்வளவு கஷ்டம்? கழற்றி, கம்பியால் குத்தி உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டு வெறும் டப்பாவைத் திரும்ப மாட்டுங்கள். இழுவை பிய்த்துக்கொண்டு போகும்.


மல்டிமீட்டர்:

வேண்டாம். பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம், பின்னால் இருக்கும் சென்சாரும் விடாது, கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை என்னும் பி0420 வந்து விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். விளக்கு எப்போதும் எரிந்தால் அடுத்த மிஸ்ஃபயர் வந்தது எப்படித் தெரியும்? தவிர, அந்தப் புகையை வண்டிக்குப் பின்னால் வருபவர்தான் சுவாசிக்க வேண்டும்.

கேட்டவருக்கு: கேஜ் முள் ஆரம்பத்திலிருந்தே தாழ்வாக, ஆனால் ஆடாமல் நின்றால் கன்வெர்ட்டரைத் தொடாமல் டைமிங் செயினைப் பாருங்கள். இத்தனை கிலோமீட்டரில் செயின் தொய்ந்து வால்வு திறப்பு தாமதமானாலும் இழுவை குறையும். மெதுவாக இறங்கினால் அடைப்பு, ஒரே தாழ்வில் நின்றால் வால்வு டைமிங். ஊசி மாதிரி விட்டு விட்டு ஒரே தாளத்தில் விழுந்தால் ஏதோ ஒரு வால்வு உட்காரவில்லை.

உறுதி செய்ய, கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையில் பிரஷர் கேஜ் மாட்டுங்கள். மரை 18 மில்லிமீட்டர், அதற்கு அடாப்டர் கிடைக்கும். ஐடிலில் 1.5 பிஎஸ்ஐக்குள், 2,500-இல் 3 பிஎஸ்ஐக்குள் இருந்தால் பொதுவாகச் சரி. சென்சார் துருப்பிடித்து இறுகியிருந்தால் முந்தின இரவே துரு நீக்கும் எண்ணெய் போட்டுவிட்டு, இன்ஜின் லேசான சூட்டில் இருக்கும்போது கழற்றுங்கள். முரட்டுத்தனமாகத் திருகினால் மரையும் சேர்ந்து வந்துவிடும்.


துருப்பிடித்த போல்ட்:

பிளக்கில் கறுப்புக் கோடு இருந்தது! பென்சிலால் கிழித்த மாதிரி என்று சொன்னீர்களே, அச்சு அசல் அதேதான். பழைய வயரின் ரப்பரை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். உள்ளே அதற்கு நேராக அதே கோடு, அச்சு எடுத்தது போல. பிளக்கை மாற்றினேன், அதற்குப் பிறகு பி0307 எட்டிப் பார்க்கவில்லை.

வேக்குவம் ஐடிலில் 18, ஆடாமல். 2,500-இல் பிடித்ததும் 20-க்கு ஏறியது. "சரி, இதுவும் இல்லை போல" என்று நினைத்தேன். பத்து விநாடியில் 18. அப்புறம் 16. பக்கத்தில் நின்ற என் மகள் "அப்பா, இறங்குது" என்றாள். ஒரு நிமிடம் முடியும்போது 11. என் கால் ஒரு இம்மிகூட அசையவில்லை, ஆனால் ஆர்பிஎம்மும் தானாகக் குறைய ஆரம்பித்திருந்தது.

பிரஷர் கேஜ்: ஐடிலில் 2.5, 2,500-இல் 7.

கன்வெர்ட்டரை இறக்கினேன். போல்ட்கள் என் பெயருக்கு நியாயம் செய்தன. ஆறில் இரண்டை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. இறக்கிக் குலுக்கினால் உள்ளே கல் உருள்வது போலச் சத்தம். ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் பார்த்தேன். சல்லடை மாதிரி வெளிச்சம் வர வேண்டும் என்கிறார்கள். ஓரத்தில் பிறை அளவுக்கு ஒரு கீற்று மட்டும்தான் வந்தது. நடுப்பகுதி மெழுகு உருகி உறைந்தது போல வழவழவென்று, துளையே தெரியாமல் மூடிக்கிடந்தது. இன்ஜினைப் பார்த்திருந்த வாயின் பக்கம்தான் அதிகம் உருகியிருக்கிறது.

புதுசு மாட்டியாயிற்று. இப்போது 2,500-இல் வேக்குவம் 20.5, ஒரு நிமிடம் கழித்தும் 20.5. முன்பு இரண்டாம் கியருக்கு இறங்கி முனகிய அதே ஏற்றத்தில் இன்று கியர் மாறாமலே ஏறியது. நாற்றமும் இல்லை. நான்தான் ஆக்ஸிலேட்டரைப் பழைய ஞாபகத்தில் அழுத்திவிட்டு, வண்டி பாய்ந்ததும் பயந்துபோனேன்.


எண்ணெய்க்கை:

நல்லது. லாங் டெர்ம் ஃப்யூல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு) இரண்டு பக்கமும் எவ்வளவு என்று ஒரு வாரம் ஓட்டிவிட்டு எழுது. கோடு அழித்ததும் கம்ப்யூட்டர் மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொள்ளும், உடனே பார்த்தால் அர்த்தமில்லை. இரண்டும் 10 சதவீதத்துக்குள், ஒன்றுக்கொன்று அருகில் இருந்தால் போதும்.

இன்னொன்று. புது வயர் செட்டைப் போட்டபோது, வயர்களைப் பிரித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்கள் இருக்குமே, சீப்பு மாதிரி, அவற்றைத் திரும்ப மாட்டினாயா? முக்கியமாக 5-க்கும் 7-க்கும் நடுவில்?


துருப்பிடித்த போல்ட்:

ட்ரிம் ஒரு பக்கம் +3, மறுபக்கம் +2. முன்பு முதல் பேங்க்கில் +19 இருந்தது. எழுதி வைத்த தாளில் இன்றுதான் கண்ணில் பட்டது. அந்த எண்ணை அப்போதே இங்கே போட்டிருந்தால் நேர்வழி அண்ணனுக்கும் எனக்கும் கொஞ்சம் பேச்சு மிச்சமாகியிருக்கும்.

கிளிப் விஷயம். நீங்கள் கேட்டதும் பானெட்டைத் திறந்து பார்த்தேன். மூன்று கிளிப் அதனதன் இடத்தில் இருக்கிறது. நான்காவது, 5-க்கும் 7-க்கும் நடுவில் இருக்க வேண்டியது, அங்கே இல்லை. தேடினால் டூல் பாக்ஸின் அடித்தட்டில், பழைய பிளக்குகளுக்குக் கீழே கிடந்தது. ஒரு பல் உடைந்திருந்தது. இரண்டு வயரும் புதுசாக இருந்தும் மறுபடி ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து படுத்திருந்தன.

உடைந்த பல் இருக்கும் பக்கத்தை வெளியே திருப்பி இப்போதைக்கு மாட்டிவிட்டேன். இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் போகிறது. புதுக் கிளிப் வந்ததும் மாற்றிவிடுகிறேன் அண்ணா.